பெரிய மாப்பிள்ளையின் வயிறு

என் சகலை தூக்கத்திலேயே இறந்துபோனார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், சாயங்காலக் காப்பிக்கு எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "நல்ல சாவு" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் எனக்குத் தோன்றியது வேறு. இதிலும் முந்திக்கொண்டாரே மனுஷன். என் சாவு இவ்வளவு சுலபமாக இருக்காது. முதல்நாள் தின்ற பரோட்டாவா, காலையில் குடித்த மோரா, எது காரணம் என்று கடைசி மூச்சுவரை யோசித்துக்கொண்டுதான் போவேன்.

சகலை என்பது விசித்திரமான உறவு. அண்ணன் தம்பியை ஒப்பிட்டுப் பேசினால் ரத்தம் காரணம். பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிட்டால் சுவர் காரணம். சகலைகள் செய்த ஒரே குற்றம், ஒரே வீட்டில் பெண் எடுத்தது. அதற்காக ஆயுள் முழுக்க ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரவைத்து எடைபோடுவார்கள். அவர் மூத்த பெண்ணைக் கட்டியவர், பெரிய மாப்பிள்ளை. திருவாரூருக்குக் கிழக்கே, வாய்க்கால் முடிகிற கடைமடையில், ஒரு வேலி நிலம் வைத்து விவசாயம் பார்த்தார். நான் சின்ன மாப்பிள்ளை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நூலகர். பிள்ளைகள் தொடாத புத்தகங்களைத் தொடுவதற்கு எனக்குச் சம்பளம். எங்களை எடைபோடும் தராசு குத்தாலத்தில், மாமியார் வீட்டில் இருந்தது.

அவருடைய நிலத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. கடைமடை நிலத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனை எங்கள் பக்கத்தில் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள். அவருடைய தலைமுடிமேல் கொஞ்சம் இருந்தது. நாற்பது வயதில் அது கொட்டிவிட்டது. எனக்கு நியாயம் கிடைத்தது. நான் விடாமல் பொறாமைப்பட்டது அவருடைய குடலைப் பார்த்து.

சிரிக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் காப்பியை ஆற்றிவைக்கச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போவார். ஆறுவதற்குள் வந்துவிடுவார். முகத்தில், வரவேண்டிய பாக்கியெல்லாம் வசூலானவனுடைய தெளிவு. நான் போனால் திரும்பி வருவதற்குள் ஒருவன் நாற்று நட்டுக் களையும் எடுத்துவிடலாம் என்பது என் மனைவியின் மதிப்பீடு. சில நாள் நான் போகவே வேண்டியதில்லை, சில நாள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் வாழும் ஒரு பிரதேசம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் சகலை அங்கே பட்டா வாங்கிக் குடியிருந்தார்.

அவரிடம் ஒரே ஒரு வசனம்தான் உண்டு. "அது பாட்டுக்கு அது வேலையப் பாக்கும், சகலை." வயிற்றைப் பற்றிக் கேட்டாலும் இதுதான். மகள் பரீட்சையைப் பற்றிக் கேட்டாலும் இதுதான். நாற்று மஞ்சளாக நிற்கிறதே என்றாலும் இதுதான். எரிச்சல் என்னவென்றால், அது பாட்டுக்கு அது வேலையைப் பார்த்தது. மகள் தேறினாள். நாற்று பச்சை கட்டியது.

கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்குக் குத்தாலம் போனோம். மாமியார் குடும்பம் பரம்பரையாக லுத்தரன் சபை. பண்டிகை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு விரால் மீன் குழம்பு. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழம்பில் விரால் தலை ஒன்றுதான் இருக்கும். அது யார் இலையில் விழுகிறதோ, அவர்தான் அந்த வீட்டு மாப்பிள்ளை. மற்றவர்கள் பெண்ணைக் கட்டிக்கொண்டவர்கள்.

புது மாப்பிள்ளை என்பதால் அன்றைக்குத் தலை எனக்குத்தான் வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பார்த்தால் என் வயிறும் பார்க்கும். அது சபைக்கூச்சம் உள்ள வயிறு. தலையைக் கையில் எடுத்தேன். உள்ளே யாரோ பம்புசெட்டைப் போட்டார்கள். "இதோ வந்துடறேன் அத்தை" என்று எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தேன். நடந்தேன் என்று எழுதுவது தன்மானத்துக்காக.

திரும்பி வந்தபோது விரால் தலை என் சகலையின் இலையில் இருந்தது. கண்ணிலிருந்து செவுள்வரை ஒவ்வோர் எலும்பாக எடுத்து, உறிஞ்சி, வரிசையாக இலையோரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆறிப்போயிடும்னு அத்தை இந்தப் பக்கம் வெச்சுட்டாங்க, சகலை. தப்பா நினைக்காதீங்க."

மாமியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களைக்குள் என் மனைவியிடம் சொன்னது மட்டும் கேட்டது. "உன் வீட்டுக்காரருக்கு என் கை சமையல் புடிக்கல போல."

"புடிக்காம என்னம்மா. அவர் வயித்துக்கு அவர் மேலேயே நம்பிக்கை இல்ல."

அதற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸ் எல்லாவற்றிலும் தலை நேராக அவர் இலைக்கே போனது. எனக்கு நடுத்துண்டு. முள் குறைவு, சீக்கிரம் செரிக்கும் என்று காரணம் வேறு. இரக்கத்தோடு பரிமாறப்படும் நடுத்துண்டைப் போல முள் குத்துகிற பண்டம் வேறு இல்லை.

ஒருமுறை உறவில் ஒரு கல்யாணத்துக்கு வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போனோம். முந்தின நாளிலிருந்தே நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அது என் பயண விரதம். எந்தெந்த ஊர் பஸ் நிலையத்தில் கழிப்பறை எந்த மூலையில், எதற்குத் தாழ்ப்பாள் உண்டு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சகலை திருவாரூரில் இறங்கி நாலு பருப்பு வடை வாங்கினார். நாகப்பட்டினத்தில் இறங்கி ஒரு பன்பட்டர்ஜாம். மீதி நேரம் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். பட்டினி கிடந்த என் வயிறு வழியெல்லாம் கத்தியது. வடை போன வயிற்றிலிருந்து ஒரு சத்தம் இல்லை. நல்ல ஆபீஸ் அப்படித்தான் இருக்கும். உள்ளே வேலை நடக்கும், வெளியே ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும்.

நான் பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியாகத் தஞ்சாவூரில் குடல் அறுவைச் சிகிச்சை செய்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து படித்து வந்தவர். கேமரா விட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"சார், அறுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை. உங்க குடல் ஜோரா இருக்கு. நீங்கதான் அதைப் போட்டுப் படுத்துறீங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு சின்னக் கட்டியாவது தருவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"நான் என்னம்மா பண்ணினேன்?"

"குடலுக்குன்னு தனியா ஒரு நரம்பு மண்டலம் இருக்கு சார். தொண்டைக்குக் கீழேர்ந்து கடைசி வரைக்கும், குடல் சுவத்துக்குள்ளேயே ரெண்டு அடுக்கா வலை மாதிரி பின்னிக்கிட்டு. கோடிக்கணக்கான நரம்பு செல்லு. ஒரு அடுக்கு தசையை அசைக்குது. இன்னொரு அடுக்கு எங்க எவ்வளவு நீர் சுரக்கணும்னு பாத்துக்குது. சாப்பாடு வந்து சுவத்தை அழுத்துச்சுன்னா, அதுக்குப் பின்னால இறுக்கும், முன்னால தளர்த்திவிடும். அப்படியே தள்ளிக்கிட்டுப் போயிடும். மூளையைக் கேக்கவே கேக்காது. மூளையோட இருக்கிற தொடர்பைத் துண்டிச்சுட்டாக்கூடக் குடல் அது வேலையைப் பாக்கும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வேறு ஒருவர் வாயில் கேட்டுக்கேட்டு நொந்திருக்கிறேன் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"அப்ப மூளைக்கு இதுல வேலையே இல்லையா?"

"இருக்கு. மேட்டூரைத் திறக்கிற மாதிரி. திறக்கலாம், குறைக்கலாம், பயந்தா மூடலாம். ஆனா நம்ம வயக்காட்டுல எந்த மடையைத் திறக்கிறது, எதை அடைக்கிறதுன்னு மேட்டூர்ல இருக்கிறவங்களா சொல்றாங்க? அது ஊர்க்காரங்க பாத்துக்கிறது. இன்னொண்ணு சார். குடலுக்கும் மூளைக்கும் நடுவுல போற பெரிய நரம்புல, மேலேர்ந்து வர்ற உத்தரவு கம்மி. கீழேர்ந்து மேலே போற தபால்தான் ஜாஸ்தி. எல்லாருக்கும் அந்தத் தபால் போகுது. யாரும் பிரிக்கிறதில்லை. நீங்க ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் படிச்சு, பதிலும் போடறீங்க."

"பசிக்காமலே வயிறு கத்துதேம்மா?"

"அது பசி இல்லை, துப்புரவு. ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல குடல் தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கும். அந்தச் சத்தம். அதுக்கும் பயந்தா எப்படி?"

வாழ்நாள் முழுக்கப் படித்தவன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். அது இந்த இடத்தில் வந்து வினையாகும் என்று நினைக்கவில்லை.

அந்த வாரமே குத்தாலத்தில் சகலையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவருடைய சுகத்துக்குக் காரணம் அவருடைய திறமை அல்ல, குடல் சுவரில் இருக்கும் நரம்பு வலை, அது நாய்க்கும் எருமைக்கும்கூட உண்டு என்று நிரூபிக்கும் ஆசை எனக்கு. இரண்டு அடுக்கு, இறுக்கம், தளர்வு என்று கையை அசைத்து அசைத்து விளக்கினேன். அந்தப் பெரிய நரம்பை எட்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நான் விளக்கிக்கொண்டிருந்த வேலை என் கண்ணெதிரே, என்னைக் கேட்காமல், அந்தத் தொந்திக்குள் நடந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட வயிறுதான் ஒரு ஜூன் மாதம் நின்றுபோனது.

மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று எல்லோரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அவருடைய மனைவி, என் மனைவியின் அக்கா, எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, இவருக்கு நேத்துலேர்ந்து வயிறு உப்பிக்கிட்டு வலிக்குது. கேட்டா அது பாட்டுக்குச் சரியாயிடும்ங்கிறார். வயிறு விஷயம்னா உங்களைத்தானே கேக்கணும்?"

எங்கள் குடும்பத்தில் எனக்கென்று இருந்த ஒரே அதிகாரம் அது. கார் பிடித்துக்கொண்டு போனேன். வயிறு மத்தளம்போல் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. அப்போதும் சிரித்தார்.

"காத்து பிரியுதா, சகலை?"

"இல்ல. அது பாட்டுக்கு..."

"எழுந்திரிங்க."

அவருக்கு நான் போட்ட முதல் உத்தரவு. அதே காரில் அதே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். பெருங்குடலின் ஒரு மடிப்பு தன்னைத்தானே கயிறுபோல முறுக்கிக்கொண்டு அடைத்துவிட்டது என்றார். உடனே அறுத்து, கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டு, மீதியை ஒட்டித் தைத்தார்கள்.

வெளியே வந்த டாக்டரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காது சார். குடல் அது வேலையைப் பாக்கும்தான். ஆனா வலின்னு அது அனுப்புற தபாலை மட்டும் பிரிக்கணும். இவர் ஒண்ணைக்கூடப் பிரிக்காம பரண்ல போட்டுட்டார்."

பயம் போனதும் பழைய புத்தி வந்தது. எத்தனை வருஷமாக டாக்டர் டாக்டராக ஏறி இறங்குகிறேன்; எனக்கு ஒரு சீரக மாத்திரைக்கு மேல் யாரும் எழுதவில்லை. இவர் வாழ்க்கையில் ஒரே தடவை வயிற்றுக்காகப் போனார், மூன்று டாக்டர்கள் சேர்ந்து நிற்கும் ஆபரேஷன் கிடைத்தது. யோகம் என்பது இதுதான்.

யோகம் அதோடு நின்றது. அறுவை முடிந்தால் குடல் சில நாள் கோபித்துக்கொண்டு படுத்துவிடுமாம். கை பட்டது அதற்குப் பிடிக்காது. நரம்பு வலை ஊமையாகிவிடும். எல்லோருக்கும் இரண்டு மூன்று நாளில் விழித்துக்கொள்ளும். இவருக்கு விழிக்கவில்லை. மூக்கில் போட்ட குழாயை மட்டும் எடுத்தார்கள். வாய்வழியாக ஒன்றும் கூடாது. காலையும் மாலையும் டாக்டரம்மா வருவார். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்துக் காது கொடுப்பார்.

"காத்து பிரிஞ்சிதா?"

"இல்லைங்க."

"வெயிட் பண்ணுவோம். வரலைன்னா தையல் போட்ட இடத்தைத் திரும்பப் பாக்கணும்."

திரும்பப் பார்ப்பது என்றால் திரும்ப அறுப்பது. அதைத் தாங்கச் சகலையின் உடம்பில் தெம்பு இல்லை என்பது டாக்டரம்மா சொல்லாமல் விட்டது.

மாத்திரைக்குப் பதிலாக டாக்டரம்மா சூயிங்கம் எழுதிக்கொடுத்தார். மென்றால், சாப்பாடு வருகிறது என்று மூளை நம்பிக் குடலுக்குச் சேதி அனுப்புமாம். வழுக்கைத் தலையும் வெள்ளை மீசையுமாக என் சகலை கட்டிலில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். கண் மட்டும் கூரையைப் பார்த்தது. ஒருநாள் மதியம் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சகலை, அது வேலையை அது பாக்கலியே."

நான் எத்தனை வருஷம் காத்திருந்த வாக்கியம். காதில் விழுந்தபோது அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. "பாக்கும் பாக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்போதுதான் என் கையிலிருந்த அவருடைய போன் அடித்தது. பக்கத்து வயல்காரர்.

"சார், பெரியவருக்குச் சொல்லிடுங்க. வந்துருச்சு! நல்லா கரை ததும்பி வந்துருச்சு!"

டெல்டாவில் ஜூன் மாதத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அவரும் தினமும் "தண்ணி வந்துருச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த நல்ல சேதியாவது கிடைத்ததே என்று, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் போனில் பேசிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்துக் கத்தினேன்.

"அக்கா! வந்துருச்சு!"

அந்த வார்டில் அந்த வார்த்தைக்கு இருந்த இன்னொரு அர்த்தத்தை நான் மறந்துவிட்டேன். அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து அழுதார். போனில், "அம்மா, வந்துருச்சாம்மா! ஸ்தோத்திரம்!" என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்தப் பக்கம் குத்தாலத்தில் என் மாமியார். நான் ஓடிப்போய் விளக்குவதற்குள் அங்கே சட்டி அடுப்பில் ஏறிவிட்டது. திரும்பத் திரும்பப் போன் செய்தோம். அடுப்படியில் நிற்கும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

சாயங்காலம் மாமியார் பஸ் பிடித்து வந்து இறங்கினார். கையில் நாலடுக்குக் கேரியர். அறைக்குள் நுழைந்த வேகத்தில் மூடியைத் திறந்தார். விரால். நடுவில் தலை.

"பெரிய மாப்ளே, எழுந்திரிச்சு உக்காருங்க. வெறும் வயித்தோட கிடந்தது போதும்."

நானும் அக்காவும் ஒரே சமயத்தில் பேசினோம். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. சகலை கேரியரைப் பார்த்தார். நாள்கணக்கில் ஒரு பருக்கை உள்ளே போகாத மனிதர். கை மெல்ல நீண்டது. பாதி வழியில் கை திரும்பிவிட்டது.

"வேணாம் அத்தை. இன்னும் வரல. எனக்குப் பயமா இருக்கு."

பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து மாமியார் கேட்டதில்லை. கையில் தூக்கிய தட்டோடு அப்படியே நின்றார். பிறகு, செய்த மீனை யாராவது தின்றுதானே ஆகவேண்டும் என்பதுபோல, என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்க சாப்பிடுங்க, தம்பி."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு விரால் தலை என் தட்டில் விழுந்தது. இப்படி விழ வேண்டும் என்று நான் கேட்டதில்லை.

"வெளியில போய்ச் சாப்பிடறேன் அத்தை."

"வேணாம் சகலை. இங்கேயே சாப்பிடுங்க. நான் பாத்துக்கிட்டாவது இருக்கேன்."

நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். முதல் உருண்டையை வாயில் வைத்தேன். அவர் சூயிங்கம்மை மெல்ல ஆரம்பித்தார். கண் என் கையை விட்டு நகரவில்லை.

"அப்படி இல்ல சகலை. செவுளைத் தூக்குங்க. அதுக்குக் கீழ இருக்கும் பாருங்க, அதை உறிஞ்சுங்க. ம்ம். இப்பக் கண்ணு."

நான் உறிஞ்சினேன். அவர் எச்சில் விழுங்கினார். நான் மென்றேன், அவரும் மென்றார். அவர் சொன்ன இடத்தில் எல்லாம் விரலை விட்டு, எலும்பை எடுத்துத் தட்டோரத்தில் அடுக்கினேன். அந்தத் தலைக்குள் அவ்வளவு அறைகள் இருக்கின்றன என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

நர்ஸ் தலையை நீட்டினாள். "ஐயோ, என்ன இது மீன் வாசனை? மூடுங்க மூடுங்க! ஐயர் வந்திருக்கார் உங்களைப் பாக்க. கீழே பேரு எழுதிக்கிட்டிருக்கார்!"

தானே ஓடிவந்து கேரியரைக் கட்டிலுக்கடியில் தள்ளி, ஃபேனைக் கூட்டி, ஜன்னலைத் திறந்தாள். லுத்தரன் சபையில் பாதிரியாரைத்தான் ஐயர் என்று சொல்வோம் என்பதை அவளுக்கு விளக்க நேரம் இல்லை. அங்கியும் பைபிளுமாக ஐயர் உள்ளே வந்தார். மூக்கை ஒருமுறை இழுத்தார்.

"விராலா?" என்றார்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

ஐயர் ஜெபம் பண்ண ஆரம்பித்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். எனக்கு எச்சில் கை. அதை நீட்டியபடியே நின்றேன். நீண்ட ஜெபம். ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்து வந்துகொண்டிருந்தது. நடுவில் அறைக்குள் எங்கோ தூரத்தில் மாட்டுவண்டி உருளும் சத்தம் கேட்டது. என் வயிறுதான் என்று கூசிப்போனேன். இல்லை. சத்தம் கட்டிலிலிருந்து வந்தது. டாக்டரம்மா சொன்ன துப்புரவு. யாரோ விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

"...கர்த்தாவே, உமது அடியானின் உள்ளுறுப்புகளை நீர் தொட்டு..."

ஐயர் முடிக்கவில்லை. நீளமாக, நிதானமாக, கேட்க விரும்பாதவர்களுக்கும் கேட்கும்படி அது பிரிந்தது.

அக்கா உரத்த குரலில் "ஆமென்!" என்றார். மாமியார் "ஸ்தோத்திரம்!" என்றார். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஐயர் கண்ணைத் திறந்து, மீதி ஜெபத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்து காது கொடுத்துக் கேட்டார், சிரித்தார். பார்த்தது, முகர்ந்தது, மென்றது எல்லாமாகச் சேர்ந்து மேலேயிருந்து சேதி போய், கீழே ஊர்க்காரர்கள் விழித்துக்கொண்டிருக்கலாம். அல்லது விழிக்கிற நேரம் தானாக வந்திருக்கலாம் என்றார். நான் முதல் காரணத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதன்படி நடந்தது இதுதான்: சாப்பிட்டது நான், காற்று பிரிந்தது அவருக்கு. என் வாழ்க்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கணக்கை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

இன்னொன்றையும் அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. ஒரு முழு விரால் தலையையும் இரண்டு துண்டையும் தின்ற என் வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதை நினைக்கவே மறந்துபோயிருந்தேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ். உடம்பு தேறி, டாக்டரம்மா எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லி வெகுநாளாகியிருந்தது. ஆனால் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் வேறு யாரோ. சோற்றைப் பிசைந்து பிசைந்து பார்த்தார். வடையைப் பிட்டு மோந்து பார்த்தார். காலையில் கொல்லைப்பக்கம் போனவருக்காக வைத்த காப்பி ஆறி, ஆடை கட்டி, திரும்பச் சூடாக்கி, மறுபடி ஆறியது. தபாலையெல்லாம் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாமியார் குழம்புச் சட்டியோடு வந்தார். கரண்டி சகலையின் இலைக்குமேல் ஒரு கணம் தயங்கி, என் இலைக்கு வந்தது. தலை எனக்கு. அவருக்கு நடுத்துண்டு.

"முள்ளு கம்மி. சீக்கிரம் செரிக்கும்" என்றார் மாமியார், இரக்கத்தோடு.

சகலை தன் நடுத்துண்டைப் பார்த்தார். என் இலையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்ணாடி இல்லாமலே எத்தனையோ வருஷம் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்தவர் காதில் விழாமல் கேட்டார்.

"சகலை, இந்தத் துண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆவாதுல்ல?"

என்னிடம் பதில் ஒரு மணி நேரத்துக்கு இருந்தது. இரண்டு அடுக்கு நரம்பிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். இந்த முறை அவர் தூங்கியிருக்க மாட்டார், ஒவ்வொரு வார்த்தையையும் விழுங்கியிருப்பார். அதுதான் பயமாக இருந்தது. இந்த வீட்டில் என்னைப் போல ஒருவன் போதும்.

விரால் தலையை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

"அது பாட்டுக்கு அது வேலையப் பாக்கும். சாப்பிடுங்க சகலை."

என்னை ஒருமுறை பார்த்தார். செவுளைத் தூக்கினார். முதலில் பயந்து பயந்து, பிறகு சாவகாசமாக, அதன்பின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்து. எலும்புகள் வரிசையாக அடுக்கப்பட்டன. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். மறுபடியும் கேட்டார். மாமியார் முகம் மலர்ந்து, எனக்கு ரசம் ஊற்ற மறந்தார். கையைக் கழுவிவிட்டுக் கூடத்தில் பாயை விரித்தவர், நான் எழுந்திருப்பதற்குள் குறட்டை விட்டார். அந்தத் தொந்தி ஏறி இறங்கியது. சத்தமே இல்லை.

என் வயிற்றுக்குள் பம்புசெட் ஓட ஆரம்பித்தது. கொல்லைப்பக்கம் ஓடினேன். ஓடும்போதே பழைய பொறாமை முழுசாகத் திரும்பி வந்துவிட்டது தெரிந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் அந்தக் கதவை என்றைக்கும் தாழ்போட்டதில்லை.